பெர்கானி துரையின் ஒன்பது சாயங்காலங்கள்

"நான் பாடவே இல்லடி யம்மா!"

"நீதான் பாடினே! ஒம்பது நாளும் என் வாசலப் பாத்துக்கினே பாடினே. காது செவுடாப் போனாலும் அந்த ராகம் எனக்கு மறக்காது!"

"ராகமாம் ராகம்! எனக்கு ராகம் தெரியும்னா இந்தக் கோயில் பாட்டுக் கும்பல்ல ஒரு ஓரமாவாவது நிக்க வெச்சிருக்க மாட்டாங்களா?"

"இழுத்து இழுத்துக் கத்தினியே, அது என்னா? ஓசூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டியா?"

சவேரியார்பாளையத்துக் கோயில் வாசலில் பூசை முடிந்து அரைமணி ஆகியும் ஒரு ஜனம் நகரவில்லை. மத்திகிரிச் சந்தைக்குப் போக வேண்டியவர்கள்கூடப் பையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சந்தை அடுத்த வாரமும் வரும். இப்படி ஒரு சண்டை வருமா?

ஒருபக்கம் ஜோதியம்மாள், பெண்ணின் அம்மா. இன்னொரு பக்கம் சவரியம்மா, மாப்பிள்ளையின் அம்மா. அன்று காலைப் பூசையில்தான் இன்னாசி சாமியார் இரண்டு பேரின் பிள்ளைகளுக்கும் முதல் ஓலை வாசித்திருந்தார். பிரகாசம், ஜோதியம்மாள் இவர்களின் மகள் ஜெயசெல்விக்கும், காலஞ்சென்ற சூசையின் மகன் அருள்ஜோசப்புக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. மூன்று ஞாயிறு இப்படி வாசிப்பார்கள். பாளையத்தில் இதுவரை எந்த ஓலைக்கும் எவரும் விக்கினம் சொன்னதில்லை. எல்லாவற்றையும் குழாயடியிலேயே சொல்லி முடித்துவிடுவதால் கோயிலுக்கு மிச்சம் வருவதில்லை. இந்தத் தடவைதான் விக்கினம் வந்தது, அதுவும் மாப்பிள்ளையைப் பெற்றவள் வாயிலிருந்தே. அதற்குக் காரணம் இத்தாலியிலிருந்து வந்த ஒரு கிராமபோன் தட்டு.

தட்டைக் கொண்டுவந்தவர் கார்லோ சாமியார். பெங்களூர் குருமடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் இத்தாலிக்காரர். கன்னடத்தைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டவர் என்பதால் அவர் பேசும் கன்னடம் கன்னடக்காரர்களுக்கே புரியாது. அவர் சொன்ன விஷயம் இது. அவர்கள் ஊரில் ஆல்தோ பெர்கானி என்று ஒரு பெரிய சங்கீதக்காரர் இருந்தார். பாடுகிறவர் அல்ல, எழுதுகிறவர். வயலின் இன்னது வாசிக்க வேண்டும், பெண்கள் இன்னது பாட வேண்டும் என்று தாளில் புள்ளி புள்ளியாக எழுதித் தருவாராம். யுத்த காலத்தில் பிடிபட்டுப் பெங்களூர்க் கைதி முகாமில் கிடந்தவர். இங்கே பாளையத்தை ஒட்டிய மாட்டுப் பண்ணைப் புல்லுக்காட்டில் புல் அறுக்க லாரியில் ஏற்றிவந்து தங்கவைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வருஷத்துக்கு முன், அறுபத்தாறில் காலமாகிவிட்டார். ஊர்க்காரர்கள் அவருடைய வாழ்க்கையையும் சங்கீதத்தையும் புத்தகமாகப் போடுகிறார்கள். அவர் எழுதியதிலேயே பேர்போனது 'ஒன்பது சாயங்காலங்கள்' என்கிற பெரிய பாட்டு. அதன் மெட்டைச் சவேரியார்பாளையத்துப் பெண் ஒருத்தியின் வாயிலிருந்து கேட்டதாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துப் படம் பிடிக்க வேண்டும், முடிந்தால் பாடச் சொல்லி டேப்பில் ஏற்ற வேண்டும்.

இதைக் கேட்டதும் இன்னாசி சாமியாருக்கு அங்கியே போதவில்லை. லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்து, எதைப் பாடுவது, எதை விடுவது என்று அவர் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். நம் கோயில் பங்கைச் சேர்ந்த பெண் ஒருத்தியின் ஜெபம் இத்தாலிக்கே போய்விட்டு வந்திருக்கிறது என்றால் சும்மாவா? அதற்குத் தமிழில் வார்த்தை போட்டு மாதா பாட்டாக்கிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார். கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் வாடகைக்கு விடும் கோவிந்தப்பனை வரவழைத்தார். குழாய் ஒலிபெருக்கி கோயில் கூரையில் ஏறியது. பூசை முடிந்ததும் கோவிந்தப்பன் முள்ளை வைத்தான்.

முதலில் கரகரவென்றது. பிறகு வயலின்கள் இழவு வீடுபோல் மெல்ல எழுந்தன. அப்புறம் நாற்பது வெள்ளைக்காரிகள் ஒரே குரலாக, மேலே போய், மேலேயே நின்று, வழுக்கிக்கொண்டு இறங்கினார்கள். முதல் அடியில் ஜோதியம்மாளுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது அடியில் காது மடல் சுட்டது. மூன்றாவது அடி வருவதற்கு முன்னாலேயே அது எப்படி வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெல்லத் தலையைத் திருப்பிச் சவரியம்மாவைப் பார்த்தாள். சவரியம்மா ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துடா கோவிந்தப்பா!" என்று சவரியம்மா எழுந்தாள். "சாமி, இது ஜெபம் இல்ல. இது எனக்கு விட்ட சாபம்!"

விஷயம் நாற்பத்துமூன்றாம் வருஷத்தது. ஜோதியம்மாளுக்கு அப்போது பத்தொன்பது வயது. நாகரசம்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்து நாலு மாதம். வரும்போது அவள் அம்மா ஒரு கோழி கொடுத்தனுப்பியிருந்தாள். கழுத்தில் ஒரு இறகு கிடையாது, மொட்டைக் கழுத்து. பார்க்க லட்சணமில்லாவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை. புருஷன் வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே உயிர் அது. ஒரு நாள் அதைக் காணோம். மறுநாள் தெருக்கோடியில் இருந்த சவரியம்மா வீட்டுக் குப்பைமேட்டில் இறகு கிடந்தது.

இந்தப் பக்கத்தில் கோழி திருட்டுப் போனால் யார் வீட்டுக்கும் போய்ச் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். பேர் சொல்லவும் மாட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் சந்தேகப்பட்ட வாசலைப் பார்த்து நின்று, தலையை அவிழ்த்துவிட்டு, மண்ணை வாரித் தூற்றி, பொதுவாகச் சாபம் விடுவார்கள். பேர் சொல்லாததால் யாரும் சண்டைக்கு வர முடியாது. வந்தால் தானே திருடி என்று ஒப்புக்கொண்ட மாதிரி. ஜோதியம்மாள் ஒன்பது சாயங்காலம் விட்டாள். சும்மா கத்தினால் தெருமுனை தாண்டாது என்று இழுத்துப் பாடினாள்.

"ஏ... எடுத்ததே... என் கோழிய எடுத்ததே... தூக்கின கை மடங்காமப் போக... தின்ன வயிறு தீயா எரிய... கட்டினது கழட்டிக்கினு போக... வீடு தங்காம ஊரூராத் திரிய... சாகிற மட்டும் உன் வாயி என் கோழியவே கூவ..."

தமிழில் முடிந்ததும் 'நீ கடுபு காலா' என்று தெலுங்கில் வயிற்றை இன்னொரு தரம் எரிப்பாள். கடைசியில் கன்னடத்தில் வீடு பாழாகச் சொல்லி முடிப்பாள். எடுத்தவள் எந்த பாஷைக்காரியாக இருந்தாலும் புரிய வேண்டும் அல்லவா?

அதற்குப் பிறகு ஏழு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கோயிலில் நடந்த ஒரு தியானக் கூட்டத்தில் வெளியூர்ச் சாமியார் ஒருவர் எல்லோரையும் அழவைத்து ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லவைத்ததில் பேச்சு வந்தது. சமாதானம் சொல்லிக்கொண்டார்களே தவிர, "நான் எடுக்கல" என்று இவளும் சொல்லவில்லை, "நீ எடுக்கல" என்று அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் கோழி என்கிற வார்த்தை இல்லை. ஜெயசெல்வி நிச்சயதார்த்தத்தில் சமையல்காரர், "ஆடா, கோழியா?" என்று கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே மூச்சில் "ஆடு!" என்று கத்தியதை எல்லோரும் சம்பந்தி ஒற்றுமை என்றுதான் நினைத்தார்கள்.

அந்த ஒற்றுமைதான் இப்போது குழாய் ஒலிபெருக்கியில் நாறியது.

"சாமி, ரெண்டாவது ஓலை வாசிக்கக் கூடாது" என்றாள் சவரியம்மா. "எங்கள வாயில வெச்சிப் பொசுக்கின வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். ஏதோ பழசு, போவட்டும்னு இருந்தேன். இப்ப இத்தாலிக்காரன் வரைக்கும் தெரிஞ்சிபோச்சி, சவரியம்மா கோழி திருடின்னு!"

"ஐயோ, நான் பாடலன்னு சொல்றேனே!" என்றாள் ஜோதியம்மாள். "வேற யாராவது பாடியிருப்பாங்கோ. அதுவும் ஜெபமாத்தான் இருக்கும்."

கார்லோ சாமியார் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேருமே தான்தான் அந்தப் பாடகி என்று போட்டி போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மனம் நெகிழ்ந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஆசீர்வாதம் கொடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் சாமியார் பங்களாவுக்கு இரண்டு வீட்டாரும் வர வேண்டும், பெர்கானி நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்துவிடலாம், அது ஜெபம் என்று தெரிந்தால் ஓலை, இல்லையென்றால் யோசிக்கலாம் என்று இன்னாசி சாமியார் தவணை சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

வீட்டுக்கு வந்த ஜோதியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயசெல்விக்கு இருபத்திரண்டு முடியப்போகிறது. இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போனது எதனால் என்று தெருவுக்கே தெரியும். ஒன்று, பெண் பார்க்க வந்த நேரத்தில் ஜோதியம்மாள் பால்காரனிடம் தண்ணீர்ப் பாலுக்காகப் பேசிய பேச்சு. இன்னொன்றும் அதே பால்காரனால்தான். மூன்றாவதாக அருள்ஜோசப். பெங்களூர்க் கடிகாரக் கம்பெனியில் பிட்டர், ஓவர்டைம் உண்டு, குவார்ட்டர்ஸ் வரப்போகிறது, அதுவும் பையனே கேட்டுவந்த சம்பந்தம். இதுவும் போனால் அப்புறம் அவள் மகளுக்கு மாப்பிள்ளையை யானை திரியும் சானமாவுக் காட்டில்தான் தேட வேண்டும்.

"ஒரு கோழி!" என்றாள் ஜெயசெல்வி. அழுது மூக்கு சிவந்திருந்தது. "ஒரு கோழிக்காக ஒம்பது நாளா? ஒரு நாளோட நிறுத்தியிருந்தா அந்த ஆளுக்கு மெட்டு மனப்பாடம் ஆகியிருக்குமா?"

"எனக்கு இன்னாடி தெரியும், புல்லுக்காட்டுல ஒருத்தன் பேப்பரும் பென்சிலுமா உக்காந்திருக்கான்னு!"

அருள்ஜோசப் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான். திங்கட்கிழமை முதல் ஷிப்டு, விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும். "அத்தே, எங்கம்மா எடுத்திருக்க மாட்டாங்க. அதுக்குக் கோழி ஆகாது, தின்னா உடம்பெல்லாம் தடிச்சிப்போகும். சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்றான்.

ஜோதியம்மாள் அவனை வெறித்துப் பார்த்தாள். "இத ஏன் அவ இருபத்தஞ்சி வருஷமாச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. வாசல்ல நின்னு பாடினீங்க."

மூலையில் பிரகாசம் புகையிலையைக் கசக்கிக்கொண்டிருந்தான். பண்ணைப் புல்லுக்காட்டு மேஸ்திரி. நாலு வார்த்தை பேசினால் மூன்றை மென்றுவிடுகிறவன். "விடு. செத்துப்போன கோழி" என்றான். அன்று அவனும் சாப்பிடவில்லை. ஜோதியம்மாள் அதை மகள் மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பங்களாவில் நாற்காலி இருந்தது இரண்டு சாமியார்களுக்குத்தான். பெண்கள் பாயில். பிரகாசம் வாசற்படி ஓரம். ஜன்னல் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட என்று நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சாமியார் பங்களாவில் செடி எதுவும் கிடையாது.

கார்லோ சாமியார் இத்தாலியில் பார்த்து இங்கிலீஷில் சொல்ல, இன்னாசி சாமியார் தமிழில் சொன்னார்.

"'ஒவ்வொரு சாயங்காலமும் அந்த இளம்பெண் கூந்தலை அவிழ்த்துவிட்டு வீதியில் நிற்கிறாள். கைநிறைய மண்ணெடுத்து வானத்துக்குக் காணிக்கை தருகிறாள். இந்த ஏழை ஜனங்களிடம் மண்ணைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவள் பாடுகிற வார்த்தை எனக்குத் தெரியாது. ஆனால் கடவுளிடம் இவ்வளவு உரிமையோடு கேட்கிற குரலை நான் எங்கள் கோயில்களில் கேட்டதில்லை. ஒன்பதாம் நாள் முடித்தாள். நவநாள் ஜெபம் என்று புரிந்துகொண்டேன்.'"

"கேட்டீங்களா!" ஜோதியம்மாள் முழங்காலில் எழுந்துவிட்டாள். "நவநாள்! எழுதியே வெச்சிருக்காரு! ஆமாங்கோ சாமி, இப்பத்தான் ஞாபகம் வருது. நவநாள்தான் பண்ணேன்."

"நேத்து வரைக்கும் பாடவே இல்லன்னே" என்றாள் சவரியம்மா.

"ஜெபம்னா நான்தான். சாபம்னா நான் இல்ல."

"சாமி" என்றாள் சவரியம்மா, அவளைப் பாராமலே. "நடுவுல வேணாம். மொதல்லேருந்து படிங்க. அந்த ஆளு இங்க வந்த நாள்லேருந்து."

இன்னாசி சாமியார் சொல்ல, கார்லோ சாமியார் இரண்டு தாளைப் பின்னால் புரட்டினார். ஒரு வரியைப் படித்துச் சிரித்தார். இங்கிலீஷில் சொன்னார். இன்னாசி சாமியார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"'பதினான்கு மாதமாகப் பருப்பும் ரொட்டியும். இன்று கடவுள் கண் திறந்தார். புல்லுக்காட்டு மேஸ்திரி... பிரகாசோ... நல்ல மனிதன்... ஒரு டப்பா சிகரெட்டுக்கு ஒரு கோழியைக் கொண்டுவந்து தந்தான். அதற்குக் கழுத்தில் ஒரு இறகும் இல்லை. எங்கள் ஊர் மடத்துப் பெரிய சாமியாரைப் போலவே இருந்தது. சட்டியில் வேகவைத்தோம். யாரும் பார்க்காமல் இறகைத் தெருக்கோடி வீட்டுக் குப்பையில் போட்டுவிட்டு வர அவனையே அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம்தான் அந்தக் குரல் கேட்டது. வயிறு நிறைந்த நன்றியோடு கேட்டேன்.'"

ஜன்னல் பக்கம் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பிரகாசம் எழுந்தான். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றான்.

"உக்காரு" என்றாள் ஜோதியம்மாள். உட்கார்ந்தான்.

"ஒம்பது நாளு. திண்டாட்டமா நின்னேனே. நீ உள்ள குந்திக்கினு களி துன்னுக்கினு கேட்டுக்கினு இருந்தியா?"

"சொல்லிடலாம்னுதான் ரெண்டாம் நாளு வெளிய வந்தேன்" என்றான் பிரகாசம், தரையைப் பார்த்தபடி. வாழ்நாளில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். "அந்த நேரம் பாத்து நீ, 'கட்டினது கழட்டிக்கினு போக'ன்னு பாடினே. எனக்குக் கட்டினது நீதானே? நீயே போயிடுவேன்னு சொல்ற மாதிரி இருந்தது. பயந்துக்கினு உள்ள போயிட்டேன்."

அங்கே நடப்பது ஒன்றும் புரியாத கார்லோ சாமியார், எல்லோரும் பெர்கானியை நினைத்து உருகுகிறார்கள் என்று எண்ணி, மிச்ச வாழ்க்கையையும் சொல்லத் தொடங்கினார். பாவம், நல்ல மனிதர், இன்னாசி சாமியாரும் விடாமல் தமிழில் சொன்னார். பெர்கானி சுகப்படவில்லை. இங்கிருந்து போன வருஷமே வயிற்றில் புண். மூன்று தரம் அறுத்தார்கள், கடைசிவரை பாலும் கஞ்சியும்தான். சவரியம்மா ஒரு விரலை மடக்கினாள். கல்யாணம் செய்துகொண்டார். மூன்றாம் வருஷம் அந்த அம்மாள் மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டாவது விரல். அதன்பின் வீடு என்று ஒன்று இல்லை. ஊர் ஊராய், நாடு நாடாய்க் கச்சேரி நடத்திக்கொண்டு ஹோட்டல்களிலேயே காலம் தள்ளினார். மூன்றாவது விரல்.

"ஆனால் ஒன்று" என்று கார்லோ சாமியாரின் கண் பளபளத்தது. "அவர் எழுதிய நாற்பத்திரண்டு படைப்பிலும் எங்காவது ஓரிடத்தில் இந்த மெட்டு வந்துவிடும். விடவே முடியவில்லை அவரால். சாகிற அன்றைக்குக்கூட நர்சு அம்மாளிடம் இதைத்தான் முனகிக்கொண்டிருந்தாராம்."

சவரியம்மா நாலாவது விரலையும் மடக்கினாள். 'சாகிற மட்டும் உன் வாயி என் கோழியவே கூவ.' சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மெல்லத் திரும்பிப் பிரகாசத்தின் வலது கையைப் பார்த்தாள். நாற்பத்துநாலில் புல் வெட்டுகிற மிஷினில் மாட்டி, இரண்டு விரல் மடங்காமல் குச்சிபோல் நீட்டிக்கொண்டிருக்கிற கை. எல்லோரும் பார்த்தார்கள். பிரகாசம் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டான்.

ஜோதியம்மாளுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. இருபத்தைந்து வருஷம் ஒரு தப்பும் செய்யாதவளைத் திருடி என்று நினைத்தது ஒருபக்கம். சோற்றுக்கு ஏங்கிப்போய் ஒரு கோழி தின்ற மனுஷனை இத்தாலிவரை துரத்தித் துரத்தி அடித்தது இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, இப்போது பெண் வீட்டில்தான் திருடன். சம்பந்தம் போயிற்று. பாயிலிருந்து நகர்ந்து சவரியம்மா பக்கம் போனாள்.

"யக்கா" என்றாள். "வாய் தவறிப்போச்சி."

"ஒம்பது நாளாவா?"

"என்னை என்னா வேணா சொல்லு. அடி. பொண்ணு மேல வெக்காத. அது பிறக்கவே இல்ல அன்னிக்கி."

சவரியம்மா எழுந்து புடவையை உதறிச் செருகினாள். இருபத்தைந்து வருஷமாகத் தலை குனிந்து தெருவில் நடந்தவள், அந்த நிமிஷத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவாளா? நிதானமாக எல்லோரையும் பார்த்தாள். ஜன்னல் பக்கமும் ஒருதரம் பார்த்து, எல்லோரும் இருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டாள்.

"கல்யாணத்த நான் நிறுத்தல, சாமி. எம்மகன் அந்தப் பொண்ணத் தவிர வேற யாரையும் கட்ட மாட்டான்னு எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கி இவ என் வாசலப் பாத்துப் பாடினா. தெருவே கேட்டது. இப்ப அதே எடத்துல நின்னு, அதே பாட்ட, அவ வாசலப் பாத்துப் பாடட்டும். தெருவே கேக்கட்டும். ஒம்பது நாள்லாம் வேணாம், ஒரு சாயங்காலம் போதும்."

"மக கல்யாணத்த வெச்சிக்கினு என் வீட்டுக்கு நானே சாபம் விடறதா?" என்றாள் ஜோதியம்மாள்.

"சாபத்தையெல்லாம் அந்த இத்தாலிக்காரரு எப்பவோ வாங்கிக்கினு போயிட்டாரு. மிச்சம் இருக்கறது ராகம்தான். பாடு."

என்ன பேசுகிறார்கள் என்று கார்லோ சாமியார் கேட்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பெண்மணி உங்களுக்காக அதே இடத்தில் நின்று பாட யோசிக்கிறாள் என்றார் இன்னாசி சாமியார். கார்லோ சாமியார் பாய்ந்து வந்து ஜோதியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொன்னார். பிடித்த கையைப் பார்த்தால் அது நன்றி என்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் கோவிந்தப்பன் கோயிலிலிருந்து தெருவுக்கு ஒயர் இழுத்து மைக் வைத்தான். கார்லோ சாமியாரின் டேப் பெட்டி ஒரு ஸ்டூலில். சவரியம்மாவுக்கு மடக்கு நாற்காலி, தெருவுக்கு நட்டநடுவே. ஜெயசெல்வி வெட்கம் தாங்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரகாசம் மட்டும் தன் வாசற்படியில், சிறுபிள்ளை ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். உட்கார வேண்டும் என்பது சவரியம்மா உத்தரவு.

ஜோதியம்மாள் கொண்டையை அவிழ்த்தாள். நரைத்துச் சிறுத்த கூந்தல். குனிந்து மண் எடுத்தாள். முதல் அடி தொண்டையிலேயே நின்றுவிட்டது. இருமிக்கொண்டாள். இரண்டாவது தடவை மெல்லிசாக வந்தது. அப்போது பிரகாசம் பழக்கதோஷத்தில் மடியிலிருந்து புகையிலையை எடுத்தான். ஒரு டப்பா சிகரெட்டு! ஜோதியம்மாளுக்கு நாகரசம்பட்டி அம்மா, மொட்டைக் கழுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை எல்லாம் ஒன்றாக வந்து தொண்டையில் ஏறியது. "ஏ... எடுத்ததே..." என்று ஓர் இழுப்பு இழுத்தாள் பாருங்கள், மத்திகிரிப் பண்ணையில் மாடுகள் தலை தூக்கின என்று கேள்வி. இருபத்தைந்து வருஷம் தள்ளி, சாபம் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பாதியில் கார்லோ சாமியார் தாங்க மாட்டாமல் மண்ணிலே முழங்கால் போட்டார். சாமியாரே முழங்கால் போட்டபின் கிறிஸ்தவ ஜனம் நிற்கலாமா? தெரு முழுக்க முழங்காலிட்டது. வேடிக்கை பார்க்க வந்த மங்கம்மா தெலுங்குக்காரி, கோயிலுக்குப் போகாதவள், 'கடுபு காலா' காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கியபடி அவளும் உட்கார்ந்தாள். வீடு பாழாக வேண்டும் என்கிற கன்னட வரிக்கு, பக்திமிகுதியில் பின்னால் யாரோ ஆமென் சொன்னார்கள்.

நாற்காலியில் இருந்தவள் சவரியம்மா ஒருத்திதான். முடிந்ததும் எழுந்து, ஜோதியம்மாள் தலையில் விழுந்திருந்த மண்ணைத் தன் முந்தானையால் தட்டிவிட்டாள்.

"சுதி கொஞ்சம் கம்மி" என்றாள். "அன்னிக்கி இன்னும் ஒசரமா எடுத்தே. வயசாயிப்போச்சி, சம்மந்தி. உள்ள வந்து தண்ணி குடி."

கார்லோ சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னாசி சாமியாரைத் தனியே கூப்பிட்டு, வார்த்தைகளுக்கு என்ன பொருள் என்று கேட்டார். புத்தகத்தில் போட வேண்டும். இன்னாசி சாமியார் ஆகாயத்தைப் பார்த்தார், கோவிந்தப்பனைப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாது, கல்யாணமும் நடக்க வேண்டும்.

"காணாமல் போனதற்காகவும், அதை எடுத்தவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு" என்றார்.

"அது கேட்கப்பட்டதா?"

"கேட்கப்பட்டது, ஃபாதர். ஒன்று விடாமல்."

அந்த ஞாயிறே இரண்டாம் ஓலை வாசித்தார்கள், அடுத்த ஞாயிறு மூன்றாவது. மாதா பாட்டு யோசனையை இன்னாசி சாமியார் அப்புறம் எடுக்கவே இல்லை.

மூன்றாம் ஓலை முடிந்த மறுவாரம் கல்யாணம் நடந்தது. ஜெயசெல்வியும் அருள்ஜோசப்பும் ஆறே மாதத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்துப் பெங்களூர் போனார்கள். சவரியம்மா முதலில் போகமாட்டேன் என்றாள். தலை நிமிர்ந்து நடக்க இப்போதுதான் ஒரு தெரு கிடைத்தது, அதை விட்டுவிட்டு வருவதா என்றாள். எழுபதில் முதல் பேரன் பிறந்ததும் பெட்டியைக் கட்டினாள். இன்னாசி சாமியாரை ஜவளகிரிப் பக்கம் மாற்றினார்கள். அவரே கேட்டுக்கொண்டு போனார் என்றும் சொல்கிறார்கள். கார்லோ சாமியார் புத்தகத்தை முடிக்க என்று இத்தாலிக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கே ஒரு சின்ன ஊருக்குப் பங்குச் சாமியாராகப் போய்விட்டாராம். கோவிந்தப்பன் அந்த வருஷமே ஓசூர் டாக்கீஸ் டிக்கெட் கிழிக்கிறவன் மகள் ராஜாத்தியைக் கட்டிக்கொண்டு, ரேடியோ செட்டை விற்றுவிட்டுச் சைக்கிள் கடை வைத்தான்.

ஜோதியம்மாள்தான் எங்கேயும் போகவில்லை. பாளையத்தில் அதற்குப் பிறகு ஒரு முருங்கைக்காய்கூடத் திருட்டுப் போனதில்லை. சானமாவிலிருந்து சின்னராஜ் என்று ஒரு விவசாயி தேடிவந்து, ராகிக் கொல்லையை மிதிக்கிற யானைகளைப் பார்த்து ஒரு ஒன்பது நாள் வந்து பாட முடியுமா என்று கேட்டான். துடைப்பத்தை எடுத்தாள், போய்விட்டான். பிரகாசம் ஓய்வு பெற்றதும் மகள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று அருள்ஜோசப் கூப்பிட்டான். பிரகாசம் மட்டும் போனான், 'கட்டினது கழட்டிக்கினு போக' என்று அவள் பாடினபடியே. இப்போது குவார்ட்டர்ஸ் வாசலில் சவரியம்மாவுக்குப் பக்கத்திலே உட்கார்ந்து பேரனைப் பார்த்துக்கொள்கிறான். இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது என்றுதான் கேள்வி. கோழி மட்டும் அந்த வீட்டில் சமைப்பதில்லை.